ரஜினி பில்லாவுக்கு அஜித் போஸ்டர்: வீட்டு சர்வரில் படங்களை அடையாளம் காண்பது

கேள்வி, 3 பிப்ரவரி 2024

பழைய லேப்டாப்பில் மீடியா சர்வர் (வீட்டு டிவிக்குப் படங்களை அனுப்பும் மென்பொருள்) போட்டு 600 தமிழ்ப் படங்களை ஏற்றியிருக்கிறேன். ரஜினி பில்லாவுக்கு அஜித் போஸ்டர் வருகிறது. ஆயிரத்தில் ஒருவனுக்கு எம்.ஜி.ஆர். நிற்க வேண்டிய இடத்தில் கார்த்தி நிற்கிறார். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்ததுதான் தப்பு, தமிழில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறான் தம்பி. 600ஐயும் உட்கார்ந்து மாற்றுவதற்கு முன் கேட்டுக்கொள்கிறேன். உண்மையா?

3 பிப்ரவரி 2024, இரவு

மாற்றாதீர்கள். தமிழில் எழுதினாலும் பில்லா பில்லாதான். 1980இல் ரஜினி நடித்ததும் 2007இல் அஜித் நடித்ததும் அதே மூன்று எழுத்து. போதாக்குறைக்கு 2009இல் பிரபாஸ் நடித்த தெலுங்கு பில்லா வேறு இருக்கிறது.

சர்வருக்குப் படம் பார்க்கத் தெரியாது. கோப்பின் பெயரைத் தூக்கிக்கொண்டு டிஎம்டிபி மாதிரி இணையத்தில் உள்ள ஒரு திரைப்படத் தரவுத்தளத்திடம் போகும். அது முதலில் எதை நீட்டுகிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிடும். ஆண்டு போடுங்கள். ‘பில்லா (1980)’ என்று ஒரு ஃபோல்டர், உள்ளே அதே பெயரில் கோப்பு. வேலை முடிந்தது.

4 பிப்ரவரி 2024

வேலை முடிந்தது என்று நேற்று எழுதியதை இன்று படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இதே வேலை என்னிடம் இரண்டு வருடமாக முடியாமல் கிடக்கிறது. கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா பாளையங்கோட்டையில் வீடியோ கடை வைத்திருந்தார். கேசட்டில் தொடங்கி, விசிடி, டிவிடி என்று வந்து, 2009இல் ஷட்டரை இறக்கினார். மிஞ்சிய டிஸ்க்குகள் மூன்று அட்டைப்பெட்டிகளில் எங்கள் வீட்டுப் பரணில் ஏறின. கூடவே அவருடைய நீள நோட்டும் வந்தது. படத்துக்கு ஒரு வரி: எண், பெயர், எத்தனை டிஸ்க், கீறல் உண்டா இல்லையா. ஒரே பெயரில் இரண்டு படம் இருந்தால் முன்னால் ஓர் எழுத்து. ‘ர. பில்லா’, ‘அ. பில்லா’. ‘ஜெ. நான் அவனில்லை’, ‘ஜீ. நான் அவனில்லை’. முன்னது 1974 ஜெமினி, பின்னது 2007 ஜீவன். ஒரு கொம்பும் ஒரு சுழியும்தான் வித்தியாசம்.

கடைக்கு வந்த யாரும் ஆண்டு சொல்லிக் கேட்டதில்லை. “ரஜினி பில்லா இருக்காண்ணே?” என்றுதான் கேட்பார்கள். 2008இல் நாயகன் என்ற பெயரில் இன்னொரு படம் வந்தபோது சித்தப்பா எழுத்துப் போட மறந்துவிட்டார். மணிரத்னத்தின் 1987 நாயகன் என்று நினைத்து எடுத்துப்போனவர் மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றாராம். வாடகை 20 ரூபாய் திரும்பிப் போனது.

ஆகவே ஆண்டோடு நடிகர் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

4 பிப்ரவரி 2024, கொஞ்சம் கழித்து

நடிகர் பெயர் எதற்கு என்று கேட்பவருக்கு: பொல்லாதவன் 1980, 2007. படிக்காதவன் 1985, 2009. தங்கமகன் 1983, 2015. மாப்பிள்ளை 1989, 2011. நான்கிலும் முன்னவர் ரஜினி, பின்னவர் தனுஷ். இதில் மாப்பிள்ளை மட்டும்தான் பழைய கதையை மறுபடி எடுத்தது. மற்ற மூன்றும் தலைப்பை மட்டும் வாங்கிக்கொண்டவை. ரீமேக் என்று நினைத்து நான் மூன்றையும் ‘மறு ஆக்கம்’ என்ற தொகுப்பில் போட்டு வைத்திருந்தேன். இன்றுதான் எடுத்தேன்.

9 பிப்ரவரி 2024

நடிகர் எழுத்து யோசனையை வாபஸ் வாங்குகிறேன். விக்ரம். 1986இலும் கமல், 2022இலும் கமல். சித்தப்பா இன்னும் கடை வைத்திருந்தால் ‘பழைய கமல்’, ‘தாடிக் கமல்’ என்று எழுதியிருப்பார், வந்தவருக்கும் புரிந்திருக்கும். சர்வருக்குத் தாடி தெரியாது. விக்ரம் என்று தேடினால் நடிகர் விக்ரம் வேறு தன் படங்களோடு வந்து நிற்கிறார்.

ஆண்டுதான். ஆண்டு மட்டும்தான்.

11 பிப்ரவரி 2024

இன்று ஒரு நல்ல பிடி கிடைத்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

ஆண்டு போடு என்று சொல்வது சுலபம். எந்த ஆண்டு என்று தெரிந்தால்தானே? என்னிடம் ‘புதுசு 2’, ‘அம்மா பார்த்தது’, ‘ஏவிசீக் 01’ என்ற பெயர்களில் 40 கோப்புகள் இருக்கின்றன. டிஸ்க்கிலிருந்து அவசரமாக இறக்கி, அப்புறம் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டவை. அந்த அப்புறம் வரவே இல்லை.

‘புதுசு 2’ஐ ஓட விட்டேன். முதலில் வந்தது தணிக்கைச் சான்றிதழ். சின்ன வயதில் தியேட்டரில் அந்தத் தாள் திரையில் விழுந்ததும் எத்தனை ரீல் என்று பார்ப்போம். 14 என்றால் முகம் சுருங்கும், 18 என்றால் விசில் பறக்கும். அதைத் தவிர அதில் வேறு எதையும் நான் படித்ததில்லை. இப்போது நிறுத்தி வைத்துப் படித்தேன். படத்தின் பெயர் இருக்கிறது. மொழி இருக்கிறது. தயாரிப்பாளர் பெயர், சான்றிதழ் தேதி, நீளம் மீட்டரில், ரீல் கணக்கு, எல்லாம் இருக்கிறது. கோப்புக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள், படம் தன் ஜாதகத்தை முதல் பத்து விநாடியிலேயே கையில் பிடித்துக்கொண்டு வருகிறது.

நீளத்தை நிமிடமாக்கலாம். 35 எம்எம் பிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு ஓடுவது 24. அப்படியென்றால் நிமிடத்துக்கு 90 அடி, மீட்டரில் 27.4. சான்றிதழில் உள்ள மீட்டரை 27.4ஆல் வகுத்தால் படம் எத்தனை நிமிடம் என்று வந்துவிடும். தரவுத்தளத்தில் உள்ள நிமிடக் கணக்கோடு ஒப்பிட்டால் அதே பெயரில் இருக்கும் இரண்டு படத்தில் எது நம்முடையது என்று தெரியும்.

என் ‘புதுசு 2’இன் சான்றிதழில் 4,115 மீட்டர். வகுத்தால் 150 நிமிடம். கோப்பு ஓடுவதோ 144 நிமிடம். 6 நிமிடத்தை வெட்டி விற்றிருக்கிறார்கள்! ஒரு பாட்டும் அரைச் சண்டையும் போயிருக்கும். அந்த விசிடியைப் போட்ட கம்பெனி நன்றாக இருக்கட்டும்.

சான்றிதழ் தேதியில் உள்ள ஆண்டை அப்படியே ஃபோல்டரில் போடுங்கள்.

12 பிப்ரவரி 2024

எந்தப் பாட்டு போயிற்று என்று பார்க்க உட்கார்ந்தேன். ஐந்து பாட்டும் இருக்கிறது.

15 பிப்ரவரி 2024

‘சான்றிதழ் ஆண்டை அப்படியே போடுங்கள்’ என்று 11ஆம் தேதி எழுதியதை அடித்துவிடுங்கள். பொங்கல் படம் என்றால் டிசம்பரிலேயே தணிக்கை முடிந்திருக்கலாம், ரிலீஸ் ஜனவரியில். அந்த ஒரு மாதத்தில் ஆண்டு மாறிவிடும். அப்புறம், சான்றிதழ் 10 ஆண்டுதான் செல்லும் என்று சட்டத்தில் இருந்தது, 2023 திருத்தத்தில்தான் அந்தக் கெடுவை எடுத்தார்கள். அதனால் பழைய படத்தின் பிரதியில் பின்னாளில் வாங்கிய தேதி இருந்தாலும் வியக்க வேண்டாம். பெயர், மொழி, மீட்டர் மூன்றுக்கும் சான்றிதழ். ஆண்டுக்கு அது ஒரு துப்பு மட்டும்.

ரிலீஸ் ஆண்டு மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. நாம் விசாரணையைத் தியேட்டரில் பார்த்தது 2016 பிப்ரவரி. வெனிஸ் விழாவில் திரையிட்டது 2015 செப்டம்பர். காக்கா முட்டை டொரண்டோவில் 2014, நம் ஊருக்கு 2015. தரவுத்தளங்கள் பெரும்பாலும் விழாவில் காட்டிய நாளிலிருந்து கணக்கை ஆரம்பிக்கும். ‘விசாரணை (2016)’ என்று நீங்கள் எழுதினால் தப்பில்லை, ஆனால் சர்வர் முழிக்கும். அது எந்த ஆண்டை வைத்திருக்கிறதோ அதையே எழுதிவிட்டுப் போய்விடுங்கள். ஊரோடு ஒத்துப்போவது இங்கே லாபம்.

17 பிப்ரவரி 2024

விசிடி கம்பெனி மேல் போட்ட பழியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் ஒரு ஃபிரேம்கூட வெட்டவில்லை.

நேற்று மாமா வந்திருந்தார். கோயில் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்தவர், காது சும்மா இருக்காது. ‘புதுசு 2’இல் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் நுழைந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், “என்னடா, பாட்டு அரைக்கட்டை ஏறிக் கேக்குது?” என்றார். டிவி ஸ்பீக்கர் மாமா, அப்படித்தான் கேட்கும் என்றேன். “ஸ்பீக்கருக்கும் சுருதிக்கும் என்னடா சம்பந்தம்?” என்று கேட்டுவிட்டுக் காபிக்குப் போய்விட்டார்.

ராத்திரி படுத்த பிறகு பொறி தட்டியது. சினிமா விநாடிக்கு 24 ஃபிரேம். நம் ஊர் டிவி, விசிடி, டிவிடி எல்லாம் பிஏஎல் (‘பால்’) என்ற வீடியோ முறை, விநாடிக்கு 25. பிலிமை டிஸ்க்காக மாற்றும்போது ஃபிரேமைக் கூட்டாமல் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். 150 நிமிடத்தை 24ஆல் பெருக்கி 25ஆல் வகுத்துப் பாருங்கள். சுளையாக 144. வேகம் நூற்றுக்கு நான்கு கூடினால் சுருதியும் ஏறும், அரைக்கட்டையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு. மாமா காதால் கண்டுபிடித்ததை நான் கால்குலேட்டரில் கண்டுபிடிக்க ஆறு நாள் ஆயிற்று.

ஆக, விசிடி அல்லது டிவிடியிலிருந்து இறக்கியது என்றால் சான்றிதழ் மீட்டரை 27.4ஆல் வகுத்து, வருவதை 0.96ஆல் பெருக்குங்கள். இணையத்தில் வாங்கியது, புளூரே ஆகியவை பெரும்பாலும் 24இலேயே இருக்கும், பெருக்க வேண்டாம். தரவுத்தளத்தில் உள்ள நிமிடக் கணக்குகளிலும் யாரோ தன் டிவிடியைப் பார்த்து எழுதியவை கலந்திருக்கும். 150, 144 இரண்டில் எது வந்தாலும் ஒரே படம்தான்.

20 பிப்ரவரி 2024

டிஸ்க் வரிசை. ஒரு விசிடியில் 74 நிமிடம், மிஞ்சினால் 80. நம் படம் இரண்டில் அடங்கினால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் மூன்று. ஒவ்வொரு டிஸ்க்கிலும் கோப்பின் பெயர் அதே ‘ஏவிசீக் 01’தான். மூன்றையும் ஒரே இடத்தில் இறக்கினால் ஒன்று மற்றதை அழிக்கும், அல்லது கணினி தன் இஷ்டத்துக்கு எண் போடும். நான் ஒரு குடும்பப் படத்தை இரண்டாம் டிஸ்க் முதலில் வரும்படி ஒட்டி வைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு பெண் பார்க்கப் போனார்கள். அம்மா முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, இந்தக் காலத்துப் படம் இப்படித்தான் முன்னும் பின்னுமாக எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். அது 1990களில் வந்த படம்.

இடைவேளை அட்டை நடுவில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு டிஸ்க் படத்துக்கு அது போதும்.

21 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் 600இலும் ஆண்டு போட்டுப் பார்த்தாராம். 31 மட்டும் அடங்கவில்லை என்று பட்டியல் அனுப்பியிருக்கிறார். பட்டியலைப் பார்த்ததும் புரிந்துவிட்டது: ஈ, உ, ஐ, ஜி, 3, 24, 96, 100, 180, 2.0 என்று போகிறது.

நம் ஆட்கள் தலைப்பு வைப்பதில் உயிரெழுத்து வகுப்பே எடுத்திருக்கிறார்கள். ஈ 2006, உ 2014, ஐ 2015. இதை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒற்றை எழுத்து. சர்வர் அதை ‘பாகம் 1’ என்று எடுத்துக்கொள்ளலாம், குப்பை என்று கழித்தும் விடலாம். 24 என்று போட்டால் சூர்யாவைவிட அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்கு வாய்ப்பு அதிகம். ‘ஆகஸ்ட் 16 1947’ 2023இல் வந்த படம், அடைப்புக்குள் ஆண்டு இல்லாவிட்டால் சர்வர் அதை 1947ஆம் ஆண்டுப் படங்களில் தேடப் போகும். இவற்றுக்குப் பெயரால் விமோசனம் கிடையாது. எண்தான் வழி.

டிஎம்டிபியில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் உண்டு, ஐஎம்டிபியில் டிடி என்று தொடங்கும் எண். அதை ஃபோல்டர் பெயரிலேயே எழுதிவிடலாம். சர்வர் மென்பொருள்களில் ஜெல்லிஃபின் அதைச் சதுர அடைப்புக்குள் எதிர்பார்க்கும், ப்ளெக்ஸ் நெளிந்த அடைப்புக்குள். ‘கோடி’ என்ற மென்பொருளில் படத்தின் பக்கத்தில் என்எஃப்ஓ என்ற சிறு குறிப்புக் கோப்பை வைத்தால் ஆயிற்று. எண் இருந்தால் சர்வர் ஊகிக்கவே போகாது. 600க்கும் செய்ய வேண்டாம், அந்த 31க்குச் செய்யுங்கள்.

24 பிப்ரவரி 2024

இன்று அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மிஸ்ஸியம்மா. சித்தப்பா பெட்டியில் இருந்தது, உறையில் தமிழில்தான் பெயர். ‘மிஸ்ஸியம்மா (1955)’ என்று ஒழுங்காக ஆண்டு போட்டு வைத்தேன். சர்வர் தெலுங்கு மிஸ்ஸம்மாவின் போஸ்டரை மாட்டியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு, “ஜெமினி இல்ல நிக்கணும்? என்.டி.ஆர். எங்க வந்தார்?” என்று கேட்டார். விஜயா கம்பெனி இரண்டையும் சேர்த்தே எடுத்தது, இரண்டும் 1955 ஜனவரி, இயக்கம் எல்.வி. பிரசாத், இரண்டிலும் சாவித்திரி, ரங்காராவ், ஜமுனா. தெலுங்கில் என்.டி.ஆர். இருந்த இடத்தில் தமிழில் ஜெமினி, நாகேஸ்வரராவ் இடத்தில் தங்கவேலு. ஆண்டு மட்டும்தான் என்று 9ஆம் தேதி சத்தியம் செய்தவன் என்ன செய்ய? ‘ஐடென்டிஃபை’ பொத்தானை அழுத்தி, தமிழ்ப் படத்தின் எண்ணைக் கொடுத்து, போஸ்டரில் ஜெமினியைக் கொண்டுவந்தேன். ஒரு தடவை ஓட விட்டும் பார்த்தேன். அந்த நிலாப் பாட்டு, ஏ.எம். ராஜா குரல். சரிதான் என்று எழுந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா கடலை மிட்டாயோடு உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் குரல் வந்தது. “டேய், என்னடா தெலுங்குல பேசறாங்க!”

உறைக்குள் இருந்தது தெலுங்குப் படத்தின் டிஸ்க். அந்தப் பாட்டை ஏ.எம். ராஜா தெலுங்கிலும் பாடியிருக்கிறார், அதே மெட்டு, கூடப் பாடுகிற லீலாவும் அவரேதான். முன்னிசையும் குரலும் காதில் விழுந்ததும் நான் தமிழ்ச் சொற்களை மனசுக்குள் நானே பாடிக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். சான்றிதழில் மொழி இருக்கிறது என்று இங்கே பக்கம் பக்கமாக எழுதியவன் அதைப் பார்க்கவில்லை.

குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த மாதிரி சர்வர் சரியான போஸ்டரைப் போட்டிருந்தது. நான்தான் திருத்திக் கெடுத்தேன்.

25 பிப்ரவரி 2024

மேலே சொன்னதற்கு ஒட்டாக. விஜயாவின் மாயாபஜார் 1957, அதுவும் இதே கதைதான். தெலுங்கில் அபிமன்யு நாகேஸ்வரராவ், தமிழில் ஜெமினி. இந்தக் காலத்தில் மணிரத்னத்தின் ராவணன், 2010. தமிழிலும் இந்தியிலும் தனித்தனியாக எடுத்து ஒரே நாளில் விட்டார். இதில் கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். விக்ரம் காட்டுக்குள் ஓடினால் தமிழ். போலீஸாக வந்தால் இந்தி, அங்கே காட்டுக்குள் ஓடுவது அபிஷேக் பச்சன்.

2 மார்ச் 2024

டப்பிங் படங்களுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேள்வி. சலங்கை ஒலி எங்கள் வீட்டில் எப்போதும் சலங்கை ஒலிதான். தரவுத்தளத்தில் அது 1983ஆம் ஆண்டுத் தெலுங்குப் படம், பெயர் சாகர சங்கமம். ‘ச’ வரிசையில் ‘சா’வில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அம்மாவுக்குக் கிடைப்பதில்லை. சிப்பிக்குள் முத்து சுவாதி முத்யம் ஆகிவிடுகிறது.

ஒரு கட்சி, மூலப் பெயரே நியாயம் என்கிறது. நானும் ஆறு மாதம் அந்தக் கட்சியில் இருந்தேன். நூலகம் என்றால் அப்படித்தான். ஆனால் இது நூலகம் இல்லை, அம்மா ராத்திரி ஒன்பது மணிக்குத் திறக்கிற அலமாரி. எண்ணை மூலப் படத்துக்குக் கொடுத்து, தலைப்பை மட்டும் கையால் சலங்கை ஒலி என்று மாற்றிப் பூட்டு போட்டுவிட்டேன். பூட்டு முக்கியம். இல்லாவிட்டால் அடுத்த முறை சர்வர் தரவைப் புதுப்பிக்கும்போது கமல் மறுபடி சாகரத்துக்குப் போய்விடுவார்.

2 மார்ச் 2024, இரவு

பேசும் படத்தை எந்த மொழியில் போடுவது? 1987, சிங்கீதம் சீனிவாச ராவ், வசனமே கிடையாது. கன்னடத்தில் புஷ்பக விமானா, இந்தியில் புஷ்பக். வாயைத் திறக்காத படத்துக்கு மாநிலத்துக்கு ஒரு பெயர். மொழி என்ற இடத்தை வெறுமையாக விட்டேன். என் சர்வர் ஒரு வாரமாக அதற்கு வசன வரிகள் தேடிக்கொண்டிருக்கிறது.

10 மார்ச் 2024

வசன வரி என்றதும் ஒருவர், கோப்பைக் கொடுத்தால் படத்தைச் சொல்லும் ஹாஷ் முறை இருக்கிறதே என்று எழுதியிருந்தார். இருக்கிறது. ஓப்பன்சப்டைட்டில்ஸ் என்ற வசன வரித் தளம் செய்வது கோப்பின் மொத்த அளவோடு முதல் 64 கிலோபைட், கடைசி 64 கிலோபைட் ஆகியவற்றைக் கூட்டி ஓர் எண் செய்வது. அதே கோப்பு வேறு யாரிடமாவது இருந்து, அவர் அடையாளம் சொல்லியிருந்தால்தான் பலன். சித்தப்பாவின் டிஸ்க்கிலிருந்து நான் இறக்கியது உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

16 மார்ச் 2024

முதல் நாள் தம்பி கட்சிக்கு வருகிறேன். தமிழில் பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. சொல்லப்போனால் நான் இப்போது எல்லாவற்றையும் தமிழில்தான் வைத்திருக்கிறேன். காதல் என்பதை ஆங்கில எழுத்தில் நான்கு விதமாக எழுதுகிறார்கள், ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் தமிழிலும் ஒரு பொறி இருக்கிறது, அதில் நான் விழுந்து எழுந்தேன்.

அம்மா ‘மௌன ராகம்’ தேடினால் வரவில்லை. கண்ணுக்கு முன்னால் ஃபோல்டர் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து பார்த்தேன், அதேதான். ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு எழுத்தாக அழித்துப் பார்த்தபோது தெரிந்தது: நான் தட்டியிருப்பது ‘மெளன’. ஒற்றைக் கொம்பு, ம, அப்புறம் ளகரம். கண்ணுக்கு ஔகாரம் மாதிரியே இருக்கும், கணினிக்கு அது மெ-ள-ன. இன்றைக்கும் பாதிப் பேர் அப்படித்தான் தட்டுகிறார்கள், நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

அதைவிட மோசம் பொல்லாதவன். இரண்டு ஃபோல்டர், பெயரும் ஆண்டும் ஒன்றே, கணினி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறது. ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கவே முடியாதே! யூனிகோடில் ‘ொ’ என்ற குறியை ஒரே துண்டாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் எழுதலாம். அண்ணனின் பழைய மேக்கில் எழுதியது இரண்டு துண்டு. என் கணினியில் தட்டியது ஒரு துண்டு. எனக்கு ஒரு பொல்லாதவன், கணினிக்கு இரண்டு. ஒன்றை அழித்துவிட்டு மற்றதில் கோப்பைப் போட்டேன். (அழிக்கும் முன் உள்ளே பார்த்தேன். ஒருமுறை பார்க்காமல் அழித்த அனுபவம் உண்டு, அது வேறு கதை.)

இன்னும் ஒன்று. லினக்ஸில் கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் எழுத்துக்கும் அதன் மேல் வரும் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். ‘இதற்குத்தானே ஆசைப்பட்டாய் பாலகுமாரா’ என்ற தலைப்பே 101 பைட். அதன் பின்னால் இயக்குநர், நடிகர், தரம், மொழி என்று வால் வைத்தால் ஒரு நாள் கோப்பு நகல் ஆகாது, காரணமும் சொல்லாது. பெயரைச் சுருக்கமாக வையுங்கள்.

அகர வரிசையும் கொஞ்சம் கோணல்தான். ஜகரம் சகரத்துக்கு அடுத்த வீட்டில் இருக்கும், கடைசியில் போய்த் தேடாதீர்கள்.

23 மார்ச் 2024

40இல் 37க்குப் பெயர் வைத்துவிட்டேன். எப்படி என்று கேட்டால்: சான்றிதழ் இருந்தவை 22. தலைப்பு அட்டை மட்டும் இருந்தவை 6. இரண்டும் இல்லாமல் நடுவிலிருந்து தொடங்குபவை 12, அதில் 9 அம்மா சொன்னது. பத்து விநாடி போதும் அவருக்கு. முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை, பின்னால் நிற்கிற அலமாரி, வாசல் தூண், ஹீரோயின் காதில் கிடக்கிற ஜிமிக்கி, இதை வைத்துச் சொல்லிவிடுகிறார். அந்த ஒன்பது போக இரண்டு தப்பு. அதில் ஒன்றை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, டிவியில் போடும்போது பெயரை மாற்றிவிட்டார்கள் என்கிறார்.

மிச்சம் மூன்றை ‘பெயர் தெரியாதவை’ என்று தனி ஃபோல்டரில் வைத்து, சர்வர் அதைத் தொடாமல் இருக்க உள்ளே ஓர் இக்னோர் கோப்பைப் போட்டுவிட்டேன். ஊகித்து ஏதாவது போஸ்டரை மாட்டுவதற்கு வெற்றுச் சட்டமே மேல்.

‘புதுசு 2’ எந்தப் படம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். சொல்ல மாட்டேன். ஐந்து பாட்டும் நன்றாக இருக்கும்.

24 மார்ச் 2024

காலையில் அம்மா கூப்பிட்டார். மௌன ராகம் இன்னும் இரண்டு தெரிகிறதாம். எழுத்தெல்லாம் சரி பண்ணிவிட்டோமே, மறுபடி கொம்பா காலா என்று போய்ப் பார்த்தேன். ஒன்று 1986 படம். இன்னொன்று டிவி சீரியல், தங்கை எப்போதோ போட்டு வைத்த ஒரே ஓர் எபிசோட், 21 நிமிடம். அதற்கு சர்வர் மோகன், ரேவதி போஸ்டரை மாட்டியிருக்கிறது.

நீக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நான் அதையும் பார்ப்பேன் என்றார். சீரியலுக்கு என்று தனி ஃபோல்டர் போட்டாயிற்று.